எடுத்துக் கொடுத்தவள்

எங்கள் லேபில் துக்க விடுப்புக்கு ஒரு படிவம் உண்டு. இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம். அப்பா, அம்மா, கணவர், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர் என்று வரிசையாக அச்சடித்து, பொருந்துவதில் டிக் போடச் சொல்லியிருப்பார்கள். கடைசியில் "மற்றவர்" என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் நான் "பாடகர்" என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"பாடகர்னா, உங்க சொந்தத்துல பாடுறவரா?"

"இல்ல சார். பாடகர்."

"மாமனா, மச்சானா?"

"ரெண்டும் இல்ல."

"அப்புறம் எதுக்கும்மா லீவு?"

தன் வீட்டு நாய் செத்ததற்கு இரண்டு நாள் ஆபீஸ் பக்கமே தலைகாட்டாத மனிதர். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு என் மேசைக்குப் போய், யாரோ ஒரு பெரியவரின் மேல்தாடைக்குப் பதினான்கு பல் அடுக்கினேன். நான் செய்கிற வேலை அதுதான். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, வரிசை பார்த்து, பாலிஷ் போடுவது. இருபத்தெட்டு வருஷமாக ஊராருக்குச் சிரிப்பு செய்து கொடுக்கிறேன். அன்றைக்கு அழுதுகொண்டே அடுக்கியதில் முன்பல் இரண்டும் சண்டைக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றன. டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

இறந்துபோனது கரகரப்பு. அது ரசிகர்கள் நாங்கள் வைத்த பெயர். மூன்று பேர் கொண்ட குழு அது. பாடுகிறவர் கரகரப்பு, கிட்டார் வாசித்தவர் நெட்டை, டிரம்ஸ் வாசித்தவர் தாளம். பெரிய பெயரெல்லாம் வாங்கியவர்கள் இல்லை. மொத்தம் நாற்பத்தோரு பாட்டு. எங்கள் ரசிகர் குழுவில் முந்நூறு சொச்சம் பேர். அவர்களுக்கு நான் பல்லக்கா.

மூன்று வருஷத்தில் மூன்று பேரும் போய்விட்டார்கள். முதலில் தாளம். ரயில் நிலையத்தில் டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அதன் பிறகு இரண்டு மாதம் எனக்கு லேபில் அரைக்கிற மெஷின் சத்தம் ஆகவில்லை. போன வருஷம் நெட்டை. அவர் போனபோது நான் அழவே இல்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் அண்ணியிடம் எரிந்து எரிந்து விழுந்தேன். மிச்சம் ஒருத்தர் இருக்கிறாரே என்று கரகரப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இந்த வருஷம் அவரும் நுரையீரல் கெட்டுப் போய்விட்டார்.

நான் அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அதற்கு ஒரு கதையும் இல்லை, ஆகவில்லை, அவ்வளவுதான். நாலாம் நாள் அண்ணி சோற்றுத் தட்டோடு மாடி ஏறி வந்து கதவருகே நின்றார்.

"உங்கண்ணன் கண் ஆபரேஷனுக்கு அரை நாள் லீவு போட்டு வந்து பாத்த. இவனுக்கு நாலு நாளா சோறு எறங்கலயா உனக்கு?"

"அண்ணனுக்குத்தான் நீங்க இருக்கீங்களே, அண்ணி."

"அவனுக்கும் யாராவது இருப்பாங்க. நீ யாரு அவனுக்கு?"

சரியான கேள்விதான். நான் அவருக்கு யாரும் இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் நானாகப் பார்த்து எடுத்துக்கொண்டது அந்த மூன்று பேரை மட்டும்தான். வேலை அப்பா பார்த்து வைத்தது. வீடு அண்ணன் கொடுத்தது. பத்தொன்பது வயசில் லேபில் சேர்ந்த முதல் வாரம், பக்கத்து மேசை ரேடியோவில் அந்தக் கரகரத்த குரலைக் கேட்டுக் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே போட்டேன். அன்றிலிருந்து காதில் அவர்கள் மூன்று பேரும் இல்லாமல் ஒரு பல்கூட நான் நட்டதில்லை. இப்போது மூன்று பேரும் இல்லை. இதை அண்ணிக்கு எப்படிச் சொல்வது? தட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்தான் வினை வந்தது. எங்கள் குழுத் தலைவர், டயர் கடை வைத்திருப்பவர், குழுவில் ஒரு செய்தி போட்டார். கரகரப்பின் மகள் அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். கடைசி நிகழ்ச்சியில், அவர்களுடைய பழைய சாவி பாட்டின் இரண்டாவது சரணத்தை அவர் மாற்றிப் பாடினாராம். நாலு வரி புதிதாம். நெட்டைக்குப் பதிலாகக் கூட வாசித்த கிட்டார் பையன் சாவு வீட்டில் சொன்னதாம். அவனுக்கும் கூச்சலில் வரிகள் காதில் விழவில்லை. அவர் எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை, எல்லாம் தலைக்குள்தான். வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட கிடைக்கவில்லை. யாராவது ரெக்கார்ட் பண்ணியிருக்கிறீர்களா?

அந்த நிகழ்ச்சி அவர் சாவதற்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எழுபது நாற்காலி போட்ட சின்ன ஹால். நான் முதல் வரிசையில், மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனை முன்னால் பிடித்து மொத்தத்தையும் எடுத்தேன். கொஞ்சமும் யோசிக்காமல் குழுவில் எழுதினேன்: "என்னிடம் இருக்கிறது. முதல் வரிசை. தெளிவாக இருக்கும். அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்."

எடுத்து வைத்ததோடு சரி, அவர் இருந்தபோதும் போட்டுப் பார்க்கவில்லை; இறந்த பிறகு தாங்காது என்று பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே வாயைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் எனக்கே போன் செய்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாளாம். "வர்ற வியாழக்கிழமை, காலை ட்ரிப்புக்கும் மத்தியான ட்ரிப்புக்கும் நடுவுல உங்க லேப் பக்கம் வரட்டுமாக்கா?" என்று கேட்டாள். குரலில் அப்பாவின் சாயல் இருந்தது. வாம்மா, வாம்மா என்றேன். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அவருடைய கடைசி நாலு வரியை அவர் மகள் கையில் நான் கொடுக்கப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன்.

சாவி பாட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டாவது சரணத்தை அவர் தனியாகப் பாடியதே கிடையாது. நாங்களும் சேர்ந்து பாடுவோம். முப்பது வருஷப் பழக்கம்.

கதவைப் பூட்டிப் போனவளே
காவல் நிற்பது கதவில்லை
சாவி இருக்குது சட்டைப் பையில்
சட்டை எங்கே தெரியவில்லை

அன்றைக்கும் அந்த இடம் வந்தது. எழுபது பேரும் ஆரம்பித்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார், நிற்க முடியாது, குரலிலும் பாதிதான் மிச்சம். முதல் வரியிலேயே அவர் வாய் வேறு மாதிரி அசைவதைப் பார்த்தேன். ஐயோ, வரி மறந்துவிட்டார். முப்பது வருஷம் பாடின பாட்டு, நோய் இவரை இப்படிப் பண்ணிவிட்டதே என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் அவர் முழிக்கக் கூடாது. அதனால் எடுத்துக் கொடுத்தேன். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, ஒவ்வொரு வரியையும் அவர் காதில் விழும்படி தொண்டை கிழியப் பாடினேன். பாட்டு முடிந்ததும் அவர் மைக்கில், "அந்த நாலு வரி என் பொண்ணுக்கு" என்றார். பழைய வரிகளைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கைதட்டினோம்.

போனை என் முகவாய்க்கு ஒரு சாண் கீழே பிடித்திருக்கிறேன். அதில் கேட்டது ஒரே ஒரு குரல்தான். என் குரல். சுதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாலு வரியும் சுத்தமாக, ஒரு எழுத்து விடாமல், பழைய வரிகள். அதற்கு அடியில் எங்கேயோ சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் முனகுகிறார். அவ்வளவுதான் கரகரப்பு. நான் திரும்பத் திரும்பப் போட்டேன். இருபது தடவை இருக்கும்.

"என்னடி அங்க, எரும கத்துது?" என்று அண்ணி கீழேயிருந்து கேட்டார்.

சிரிப்பு வரவில்லை. பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். நான் நேசித்த மனிதர் சாவதற்கு முன்னால் கடைசியாகச் சொன்னதை நான் என் வாயாலேயே மூடி வைத்திருக்கிறேன். வேறு யாராவது செய்திருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். என்னை நான் என்ன செய்வது?

பின்வரிசையில் இரண்டு பேர் எடுத்திருந்தார்கள். அதில் வெறும் கூச்சல். என்னுடையதை எடுத்துக்கொண்டு ஒரு ரெக்கார்டிங் கடைக்கு ஓடினேன். அந்த ஆள் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் மல்லுக்கட்டிவிட்டு, "காபியில கரைஞ்ச சக்கரையத் திருப்பி எடுக்கச் சொல்றீங்க" என்றார். என் குரலும் அவர் குரலும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் போகிறதாம். "யாருங்க இது? சும்மா வாய மூடிட்டு இருந்திருக்கலாம்." யாரோ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை லேபில் மெழுகுவிடம் காட்டினேன். மெழுகு என்பது எங்கள் மெழுகு வேலைக்காரர். பிறந்ததிலிருந்து காது கேட்காது. அந்த அரைக்கிற சத்தத்தில் நிம்மதியாக வேலை பார்க்கிற ஒரே ஆள். வாயசைவைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்வார். அறைக்கு அந்தக் கோடியில் மேனேஜர் போனில் பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவதை எங்களுக்கு எழுதிக் காட்டுவார். அவரால் முடியாததா என்று நம்பிப் போனேன். சத்தம் அவருக்குத் தொந்தரவே இல்லை. படம் மட்டும் போதும்.

ஆர்டர் சீட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு, போனைக் கண்ணுக்கு அருகே பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதினார்: மைக் வாயை மறைக்குது. பாதி தாடி. ஒண்ணும் தெரியல.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அவர் மறுபடி ஓட விட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இன்னொரு வரி எழுதினார்.

கண்ணு தெரியுது. கீழ யாரையோ பாக்கறாரு. வேணாம்னு தலையாட்டறாரு. நாலு தடவ.

அந்த யாரோ நான்தான். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வரி ஞாபகம் வரவில்லையே என்று தலையாட்டுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்துத்தான் இன்னும் சத்தம் கூட்டினேன். மெழுகு என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாரோ, சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு என் மேசையில் ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். அதை என்னால் குடிக்க முடியவில்லை.

தலைவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பின்னால் யாரோ டயரைத் தரையில் அடிக்கிற சத்தம்.

"பல்லக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லுங்க தலைவரே."

"நாற்பத்தோரு பாட்டும் உங்களுக்கு மனப்பாடம். அவரு எப்படி எழுதுவாரு, எங்க வார்த்தைய ஒடிப்பாரு, எல்லாம் தெரியும். நீங்களே நாலு வரி எழுதிடுங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பாவம், அந்தப் பொண்ணு. அப்பன் செத்துட்டான். ஏதோ சொல்லிட்டுப் போனான்னு நெனச்சுக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

அவரைத் திட்டிவிட்டு வைத்தேன். திட்டினேனே தவிர, புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கை தானாக ஒரு ஆர்டர் சீட்டை எடுத்தது. எழுத உட்கார்ந்தால் வருகிறது. அதுதான் கொடுமை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பள்ளி விட்டு வந்த பொண்ணு
படியில் உட்கார்ந்திருந்தாளாம்
பாட்டு முடிய நேரமாச்சு
படியில் இப்போ யாருமில்லை

படித்துப் பார்த்தேன். அவர் எழுதின மாதிரியே இருந்தது. கரகரத்த குரலில் காதுக்குள் கேட்கவே செய்தது. இதைக் கொடுத்தால் அந்தப் பெண் அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள், நான் தப்பித்துவிடுவேன். சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்கப் போகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு லேப் வாசலில் மஞ்சள் பஸ் வந்து நின்றது. முப்பத்தைந்து வயசிருக்கும். காக்கிச் சட்டை, வாரி இழுத்துக் கட்டின முடி. கண்ணும் நெற்றியும் அப்படியே அவர்.

"உள்ள வந்து உக்காருங்கக்கா, இங்க யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்று பஸ்ஸுக்குள் கூப்பிட்டாள். சின்னப் பிள்ளைகளுக்கான சீட். முழங்கால் முன்சீட்டில் இடித்தது. தரையில் பென்சில் சீவல், யாரோ மறந்துவிட்ட தண்ணீர் பாட்டில். அவள் நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

நான் பையைத் திறப்பதற்கு முன்னால் அவளே தன் போனை நீட்டினாள். "இதப் பாருங்க. உங்க குழுவுலேர்ந்து மூணு பேரு அனுப்பியிருக்காங்க. மூணு பேருக்கும் காதுல தெளிவா விழுந்துச்சாம்."

மூன்றையும் படித்தேன். மூன்றும் வேறு வேறு நாலு வரிகள். மூன்றுமே நன்றாக இருந்தன. ஒன்று தலைவருடையது என்று வார்த்தையைப் பார்த்தே தெரிந்தது.

"மூணுலயும் எங்கப்பா மன்னிப்பு கேக்கறாரு," என்றாள். "எங்கப்பா யார்கிட்டயும் மன்னிப்பு கேட்டதே இல்ல. கேட்டிருந்தா எனக்குத் தெரியணும். இல்ல, கடைசியிலயும் என்னைத் திட்டித்தான் பாடினாருன்னா அதுவும் தெரியணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

பிறகு அவளாகவே சொன்னாள். ஒன்பது வருஷமாக அப்பாவோடு பேச்சு இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்த அன்று அவர் மேடையில் இருந்தார். ஹாலுக்குப் போன் போட்டு ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறாள். வருகிறேன் என்றவர், வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. "எறங்க விடலம்மா, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு கேட்டாங்கன்னு சொன்னாரு. அதோட நான் பேசல."

எந்த வருஷம், எந்த மாதம் என்று அவள் சொன்னாள். அந்த மாதம் அவர்களுக்கு ஒரே ஒரு நிகழ்ச்சிதான். இன்னும் ஒண்ணு என்று ஐந்து தடவை கேட்டோம். முதல் வரிசையில் நின்று அதை ஆரம்பித்து வைத்தது நான். இன்றுவரை எங்கள் குழுவில் அதைத்தான் எல்லாரும் சிறந்த நிகழ்ச்சி என்போம். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு நெஞ்சில் தைரியம் இல்லை. சொல்லாமல் விட்டேன். இன்றுவரை சொல்லவில்லை.

ஆனால் மற்றதைச் சொன்னேன். மறந்துவிட்டார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்ததை, அவர் வேண்டாம் என்று தலையாட்டியதை, கடைக்காரர் கைவிரித்ததை, எல்லாவற்றையும். சீட்டைப் பற்றியும் சொன்னேன். "நானும் நாலு வரி எழுதி வச்சிருக்கேன். பொய். அவரு பாடினது இல்ல."

"அத நீங்களே வச்சுக்கங்க," என்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை. ஜன்னல் வழியாக லேப் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டுல அவரு பேசவே மாட்டாரு தெரியுமா? தொண்டையக் காப்பாத்தணும். ஒரு சிலேட்டு வச்சிருப்பாரு. தண்ணி குடு, கதவச் சாத்து, பரீட்சை எப்போ, எல்லாம் சிலேட்டுல. குரலு பூரா உங்களுக்குத்தான். ஒரே ஒரு தடவ எனக்குன்னு வாயத் தொறந்திருக்காரு."

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. நான் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"மன்னிச்சிடும்மா," என்றேன்.

"போடுங்க. பாக்கறேன்."

போனை அவள் கையில் கொடுத்தேன். சாவி பாட்டின் இரண்டாவது சரணம். காலி பஸ்ஸில் என் குரல் அத்தனை சீட்டிலும் போய் மோதியது. அவள் போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். திருப்பிப் போட்டாள். மூன்றாவது தடவை அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அக்கா, நீங்க நடுவுல மூச்சு வாங்கறீங்கல்ல? ஒவ்வொரு வரிக்கும் நடுவுல? அந்த இடத்துல உங்க சத்தம் இருக்காதே. அங்க அப்பா குரல் கேக்கும்."

இத்தனை நாள் என் குரலைத் திட்டிக்கொண்டே கேட்டதில் அது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு குனிந்தோம். முதல் வரி முடிந்தது. நான் மூச்சு வாங்கினேன். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வரி. அங்கேயும் இல்லை. அவள் நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி போட்டாள். மூச்சு மட்டும்தான் கேட்டது. என்னுடையதும், அதோடு சேர்ந்து மேடையிலிருந்து இன்னொன்றும்.

"ஏன்? ஏன் இல்ல?"

எனக்குத் தெரியும்.

"அவரு பாட்டக் கேட்டுக் கேட்டுத்தாம்மா நான் பாடக் கத்துக்கிட்டேன். இருபத்தெட்டு வருஷமா. அவரு எங்க மூச்சு வாங்குவாரோ அங்கதான் நானும் வாங்குவேன்."

போன் அவள் மடியில் கிடந்தது. நிறுத்த வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சரணம் முடிந்து, பாட்டு முடிந்து, கிட்டார் ஓய்ந்தது. இந்த நாலு நாளாக நான் அந்த நாற்பது விநாடியைத் தாண்டிக் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு அவர் பேசியதில் பாதியை மறந்தும் போயிருந்தேன். யாரோ இருமினார்கள். நாற்காலி நகர்ந்தது. அப்புறம் அவர் குரல் வந்தது. யாரும் கூடப் பாடாத, சுத்தமான, கரகரத்த குரல்.

"அந்த நாலு வரி என் பொண்ணுக்கு. எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்று எழுபது பேரும் கத்தினோம். அதிலும் என் குரல்தான் பெரிதாக இருந்தது.

அவள் போனை எடுத்து, திரையில் இருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"கேக்கலப்பா," என்றாள்.